கறையானிடம் கேட்டுக் கட்டிய வீடு

பக்கத்து சைட்டில் ஜேசிபி வந்த அன்று நான் தற்செயலாகத்தான் அங்கே இருந்தேன். பெங்களூரில் ஹொரமாவு பக்கம் 2017-ல் நாங்கள் வாங்கிப்போட்ட முப்பதுக்கு நாற்பது மனையை ஒட்டி இன்னொரு காலி மனை, அதன் ஈசானிய மூலையில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு புற்று. எதிர்வீட்டு அஜ்ஜி நாக சதுர்த்திக்கு அதில் பால் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைப்பார். வீடு கட்டப் போகிறவர் பூசாரியை அழைத்துவந்து முறைப்படி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் வண்டியை விட்டார். முதல் குத்தில் புற்று உடையவில்லை. பக்கெட்டின் பல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது தடவை மேலிருந்து அழுத்தியபோதுதான் இளநீரைப் பிளந்த மாதிரி இரண்டாக விழுந்தது.

நான் கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தேன். வெளிப்பக்கம் நாலு விரல் கனத்துக்கு ஓடு மாதிரி ஒரு சுவர். நடுவில் என் கை நுழையும் அளவுக்கு ஒரு புகைபோக்கி. புற்றைச் சுற்றி விசிறி மடிப்பு மாதிரி இருக்குமே, அந்த ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒல்லியாக ஒரு குழாய் மேலிருந்து கீழ்வரை ஓடியது. அடியில், தரைக்குக் கீழே, கடற்பஞ்சு போலச் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ இருந்தது. அதுதான் கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு கட்டியைக் கையில் எடுத்தேன். ஏப்ரல் மாதம், பகல் பதினோரு மணி, சுற்றிலும் மண் வெடித்துக் கிடக்கிறது, ஆனால் அந்தக் கட்டி ஈரமாக, பானைத் தண்ணீரில் நனைத்தெடுத்த துணி மாதிரி இருந்தது.

'கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். நம் ஊரில் புற்று என்றாலே பாம்பு, அம்மன், பால். கட்டிய கறையான் பழமொழியில் வீட்டைப் பறிகொடுக்கிற ஏமாளி, அவ்வளவுதான். மரவேலை செய்கிறவர்களுக்கோ அது எதிரி. அந்தப் புற்றைப் பிளந்து பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி வாடகை வீட்டின் மேல்மாடியில், கொதிக்கும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே, ஃபேன் காற்றே அனலாக அடித்த அறையில் தூக்கம் வராமல் புரண்டபோது, ஒரு பொடிப்பூச்சிக்குத் தெரிந்தது எனக்கு வீடு கட்டித்தரப் போகிற எஞ்சினியருக்குத் தெரியுமா என்று யோசித்தேன். அங்கே ஆரம்பித்ததுதான் இத்தனையும்.

கறையான் புற்றையும் கட்டடத்தையும் பற்றித் தேடினால் முதலில் வருவது ஜிம்பாப்வே நாட்டு ஹராரேயில் இருக்கும் ஈஸ்ட்கேட் சென்டர். மிக் பியர்ஸ் என்ற கட்டடக்கலைஞர் கறையான் புற்றை மனதில் வைத்து வடிவமைத்தது, 1996-ல் திறந்தார்கள். இரண்டு ஒன்பது மாடிக் கட்டடங்கள், நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட தெரு மாதிரி ஒரு வெளி, கூரை மேல் வரிசையாகப் புகைபோக்கிகள். வழக்கமான ஏசி கிடையாது. அங்கே பகல் எவ்வளவு சூடோ, இரவு அவ்வளவு குளிர்ச்சி. இரவில் பெரிய விசிறிகள் வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றைத் தளங்களுக்குள் இருக்கும் பொந்துகள் வழியாக ஓடவிடுகின்றன, அந்த கனத்த கான்கிரீட் விடிவதற்குள் குளிர்ந்துவிடுகிறது, மறுநாள் முழுக்க அந்தக் குளிர்ச்சியைத் திருப்பிக் கொடுக்கிறது. நம் வீட்டுத் திண்ணையின் சிமெண்ட் தரை காலையில் ஜில்லென்று இருப்பதும் இதே கணக்குத்தான்.

இதில் என்னை மிகவும் பிடித்துக்கொண்ட விஷயம் வேறு. ஈஸ்ட்கேட் எந்த எண்ணத்தில் கட்டப்பட்டதோ, கறையான் புற்று அப்படி வேலை செய்யவில்லை என்று பிறகு தெரியவந்தது. புற்றுக்குள் சூடான காற்று மேலே போய், அடியிலிருந்து குளிர்ந்த காற்று ஏறி, உள்ளே எப்போதும் ஒரே வெப்பநிலை இருக்கும் என்றுதான் ரொம்ப நாளாக நம்பியிருந்தார்கள். ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் என்ற இருவர் ஆப்பிரிக்கப் புற்றுகளை ஆராய்ந்து 2008-ல் எழுதினார்கள்: கூட்டின் சூடு சுற்றியிருக்கும் மண்ணின் சூட்டோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, புற்று என்பது ஏசி இல்லை, அது நுரையீரல் மாதிரி, உள்ளே இருக்கும் கெட்ட காற்றை மாற்றுவதுதான் அதன் வேலை.

அப்படியானால் அந்தக் காற்று எப்படி நகர்கிறது? அதற்கு விடை கிடைத்தது எங்கே தெரியுமா, இதே பெங்களூரில். ஹன்டர் கிங், சாமுவேல் ஒக்கோ, ஹார்வர்டைச் சேர்ந்த எல். மகாதேவன் மூவரும் (மகாதேவன் சென்னை ஐஐடியில் படித்தவர்) இங்கே இருக்கும் ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ் என்ற கறையானின் புற்றுகளுக்குள் சின்னச் சின்ன உணரிகளை நுழைத்துக் காற்றோட்டத்தை அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். நான் அன்று உடைந்ததைப் பார்த்தேனே, அதே விசிறி மடிப்புப் புற்றுதான். பகலில் வெயில் பட்டதும் வெளி மடிப்புகள் சீக்கிரம் சூடாகின்றன, நடுக்குழாய் மெதுவாகத்தான் சூடாகும். அதனால் மடிப்புகளில் காற்று மேலே ஏறி நடுவில் இறங்குகிறது. ராத்திரி வெளிப்பக்கம் முதலில் குளிர்ந்துவிடும், நடு இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், ஓட்டம் அப்படியே தலைகீழாகிறது. ஜன்னல் மாதிரி திறப்பு எதுவும் இல்லை, சுவரின் நுண்ணிய துளைகள் வழியாகவே கெட்ட காற்று வெளியே கசிந்து நல்ல காற்று உள்ளே வருகிறது. மோட்டார் கிடையாது, விசிறி கிடையாது. இந்த ஊரின் பகலும் இரவும்தான் அதற்கு மோட்டார்.

இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. மார்ச், ஏப்ரலில் பெங்களூரில் பகல் 34 என்றால் விடியற்காலையில் 21, 22 தான். கடலிலிருந்து தொள்ளாயிரம் மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஊர். தினமும் ராத்திரி இலவசமாகக் குளிர்ந்த காற்று வாசலில் வந்து நிற்கிறது, நாம் ஜன்னலை மூடி ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிறோம். சென்னைக்காரருக்கு இந்த வாய்ப்பே இல்லை, அங்கே ராத்திரியும் புழுங்கும்.

நான் வேலை செய்வது அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். வெயிலின் கதிர் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும், உள்ளே மேஜையும் தரையும் சூடாகிக் கக்குகிற வெப்பத்தைக் கண்ணாடி வெளியே விடாது. ஆகவே ஏசி. கண் கூசுகிறது, ஆகவே திரை. திரை போட்டால் இருட்டு, ஆகவே உச்சிவெயில் நேரத்தில் தலைக்கு மேல் லைட். ஏப்ரலில் என் பக்கத்து சீட்டுப் பெண் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்படிப்பட்ட கட்டடத்தின் முகப்பை இலை வடிவத்தில் வளைத்துவிட்டு 'இயற்கையிலிருந்து பிறந்த வடிவம்' என்று விளம்பரம் செய்யும்போது எனக்குக் கோபம் வருகிறது. இலையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு இலை செய்யும் வேலையை விட்டுவிட்டால் அதில் இயற்கை எங்கே இருக்கிறது?

சரி, வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2021-ல் அஸ்திவாரம் போட்டோம். அப்பா ஒரு பொதுத்துறை ஆலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸ் காலத்து மங்களூர் ஓட்டு வீடுகளைப் பராமரித்துப் பழகியவர் என்பதால் பாதி சண்டை எனக்கும் எஞ்சினியருக்கும், மீதி சண்டை எனக்கும் அப்பாவுக்கும். மேஸ்திரி ஊத்தங்கரைக்காரர், பெங்களூரில் இருபது வருஷமாகக் கட்டடம் கட்டுகிறவர்.

முதல் விஷயம் கூரை. பெங்களூர் இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், நிழலில்லா நாள் என்று பிள்ளைகளுக்கு மாடியில் காட்டுவார்கள். நாங்களும் வாடகை வீட்டு மொட்டைமாடியில் ஒரு டம்ளரை நிறுத்திப் பார்த்தோம். டம்ளருக்குச் சுற்றிலும் ஒரு பக்கம்கூட நிழல் விழவில்லை. என் மகன் குதூகலித்தான், செருப்பில்லாமல் நின்ற எனக்கு உள்ளங்கால் பொத்துப்போயிற்று. அந்த இரண்டு நிமிஷத்தில் புரிந்தது, இந்த ஊரில் வீட்டுக்குள் வெப்பம் வருவது முக்கியமாகச் சுவர் வழியாக இல்லை, தலைக்கு மேலே இருக்கும் தளம் வழியாக. வீடுகளுக்கென்று 2018-ல் மத்திய அரசு கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற எரிசக்தி விதிமுறையிலும் கூரைக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடத்தக் கூடாது. வெறும் ஆறங்குல கான்கிரீட் தளம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே கடத்தும். ஆனால் நம் தெருவில் பாதி வீடுகள் வெறும் தளத்தின் கீழேதான் வேகின்றன.

நாங்கள் ஃபில்லர் ஸ்லாப் போட்டோம். லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் கேரளத்தில் பரப்பிய முறை. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் கான்கிரீட் சும்மா எடையாக உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் கூரை ஓடுகளையோ மண்சட்டியையோ கவிழ்த்து வைத்துவிட்டால் சிமெண்ட் மிச்சம், எடை குறைவு, சட்டிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். சட்டிகளை பாட்டரி டவுனில் வாங்கினேன், குயவர் என்னிடம் தமிழிலேயே விலை பேசினார். லாரியில் சட்டிகள் வந்து இறங்கியதும் மேஸ்திரி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா இது, சட்டிய வெச்சு ரூஃப் போட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது?"

"ஒரு ஓரத்துல அஞ்சடிக்கு அஞ்சடி போட்டுப் பாக்கலாம் மேஸ்திரி. நின்னா தொடருவோம்."

போட்டோம். இருபத்தெட்டு நாள் தண்ணீர் கட்டினோம். அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, மூன்று நாள் கழித்துக் கீழே நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவரே சட்டிகளுக்கு நூல் பிடித்து வரிசை வைத்துக்கொண்டிருந்தார். தளத்துக்கு மேலே அப்பா சொன்னபடி சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்து சுர்க்கித் தளம் போட்டு, அதற்கும் மேலே உடைந்த வெள்ளை டைல்ஸ் பதித்தோம். சகாராவில் ஒரு வெள்ளி நிற எறும்பு இருக்கிறது, அதன் உடம்பெல்லாம் முக்கோண வடிவ ரோமம், வெயிலைத் திருப்பி அடித்துவிட்டு உடம்புச் சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடும் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். வெள்ளை டைல்ஸ் அந்த அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் செய்யாது, ஆனால் இப்போது மே மாத மத்தியானத்தில் மாடியில் வெறுங்காலோடு நடந்துபோய்த் துணி எடுக்கிறேன்.

சுவருக்கு மண்கட்டி. சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) தோண்டி எடுத்த செம்மண்ணையே சலித்து, ஏழு சதவீதம் சிமெண்ட் கலந்து, கை மெஷினில் அழுத்தி எடுத்தது. சூளை இல்லை, விறகு இல்லை, லாரி இல்லை. இந்த வித்தைக்கும் பெங்களூர்தான் பிறந்த வீடு மாதிரி, இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி 1974-ல் தொடங்கிய அஸ்ட்ரா என்ற அமைப்பில் பேராசிரியர் கே.எஸ். ஜெகதீஷும் மற்றவர்களும் பல வருஷம் உழைத்து வளர்த்தது. அதே கழகத்தில்தான் கறையானின் கட்டுமானத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். உமிழ்நீரையும் மண்ணையும் குழைத்துக் கறையான் உருட்டும் உருண்டைகள் இரண்டு அளவில் இருக்கின்றனவாம், பெரியவற்றின் சந்துகளைச் சின்னவை அடைத்துவிடும். அந்த உமிழ்நீர் சேர்வதால் மண்ணின் பலம் பத்து மடங்கு கூடுகிறது. இதை நான் மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் கான்கிரீட் கலவை மெஷினைக் காட்டி, "முக்கா ஜல்லியும் சிப்ஸும் கலக்கறோமேக்கா, அதுதானே" என்றார். அதுவேதான். ஜேசிபியின் பல் ஏன் வழுக்கியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரக் குழியில் நாங்களும் கறையான் மருந்து ஊற்றினோம். கதவு நிலைகள் வேப்பமரம், இருந்தாலும் பயம். மருந்துக் கேனைத் திறந்தபோது வந்த வாடையும், பக்கத்து மனையில் கையில் எடுத்துப் பார்த்த அந்த ஈரக் கட்டியும் சேர்ந்து நினைவுக்கு வந்து மனசு கஷ்டப்பட்டது. வேறு வழி அப்போது எனக்குத் தெரியவில்லை.

இனி காற்று. படிக்கட்டை வீட்டின் நடுவில் வைத்து, அதன் தலைப்பில் நாலு பக்கமும் திறப்பு விட்டு, அதையே புற்றின் நடுக்குழாய் மாதிரி ஆக்க வேண்டும் என்பது என் திட்டம். கீழே வடக்கிலும் கிழக்கிலும் தாழ்வான ஜன்னல்கள். ராத்திரி இரண்டையும் திறந்தால், பகலில் உள்ளே தங்கிய சூடு படிக்கட்டு வழியாக மேலே போய்விடும், கீழே குளிர்ந்த காற்று நுழையும், கனமான மண்சுவர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். காலை ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். எங்கள் எஞ்சினியர் நல்லவர்தான், ஆனால் மழை உள்ளே வரும் என்ற கவலையில், நான் பத்து நாள் ஊரில் இல்லாதபோது, அந்த நாலு திறப்பையும் அடைத்துவிட்டு உச்சியில் கெட்டியான கண்ணாடி போட்டுவிட்டார். வெளிச்சம் அருமையாக வந்தது. 2022 கோடையில் அந்தப் படிக்கட்டு அடுப்பாகிவிட்டது. மேல்படியில் நின்றால் முகத்தில் இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி ஆவி. சூடு மேலே ஏறுகிறது, போக வழியில்லை, திரும்ப அறைக்குள் இறங்குகிறது. மழைக்காலம் முடிந்ததும் சுவரை உடைத்து மறுபடி திறப்பு வைத்தோம். கட்டும்போது ஆகியிருக்க வேண்டிய செலவைப்போல இரண்டு மடங்கு ஆயிற்று.

திறப்பு என்றால் கொசு. பெங்களூரில் இயற்கைக் காற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொசுவைப் பற்றிப் பேசாமல் நழுவிவிடுகிறார்கள், புறாவைப் பற்றியும்தான். நாங்கள் எல்லாத் திறப்புக்கும் வலை அடித்தோம். வலை காற்றைக் குறைக்கும், அதனால் திறப்பைப் பெரிதாக வைக்க வேண்டும். வலையில் தூசி அடைந்தால் இன்னும் குறையும், மாதம் ஒரு தடவை துடைக்க வேண்டும். தாழ்வான ஜன்னலுக்குக் கம்பி கிரில் நெருக்கமாக வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி திறந்து வைத்துவிட்டுத் தூங்க மனசு வராது. செலவு குறையும் என்று சொல்லி யாரையும் ஆசை காட்டவும் மாட்டேன். எங்களுக்கு சிமெண்டிலும் செங்கலிலும் மிச்சமான பணம் கூலியில் போய்விட்டது, கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

நடுவில் ஒருநாள் டொம்லூரில் இருக்கும் டெரி என்ற எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன், சஞ்சய் மோஹே வடிவமைத்தது. அந்த மனையின் தெற்கே சாக்கடைக் கால்வாய். அங்கே காற்று தெற்கிலிருந்து வரும், திறந்தால் நாற்றம் வரும். அவர் தெற்குப் பக்கத்தை மூடிவிட்டார். அதோடு விடவில்லை, அந்தச் சுவரை இரட்டைச் சுவராக்கி வெளியே கறுப்பு கடப்பாக்கல் பதித்தார். கல் வெயிலில் கொதிக்கும், இடுக்கில் இருக்கும் காற்று சூடாகி மேலே ஓடும், அந்த இழுப்பில் வடக்குத் தோட்டத்திலிருந்து நல்ல காற்று அறைகள் வழியாக வரும். எனக்கு அது புற்றின் வெளி மடிப்பாகவே தெரிந்தது. வெயிலைத் தடுக்கவே எல்லாரும் யோசிப்போம், அவர் அதைப் பிடித்து வேலை வாங்கியிருக்கிறார்.

எங்கள் மேற்குச் சுவருக்கு அந்த அளவு பணமில்லை. அங்கே ஒரு புங்கை வைத்தேன். புங்கை ஏன் என்றால், அது இலை உதிர்த்துவிட்டுச் சரியாக வெயில் ஏறும் மாதங்களில் புதுத்தளிர் விடும், நமக்கு நிழல் எப்போது வேண்டுமோ அப்போது முழுசாகக் குடை விரித்து நிற்கும். தெருவில் ஏற்கெனவே ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. சாயங்காலமானால் இலையை மடக்கிக்கொள்கிறது, பகலெல்லாம் தரைக்கு நிழல் கொடுத்துவிட்டு ராத்திரி தரையின் சூடு வானத்துக்குப் போக வழிவிடுகிற மாதிரி. அதன் கீழே நிறுத்திய வண்டியின் சீட்டும், பத்தடி தள்ளி வெயிலில் நிறுத்தியதும் ஒன்றா? சூழலியல் ஆய்வாளர் ஹரிணி நாகேந்திராவும் அவருடன் சேர்ந்தவர்களும் பெங்களூர்த் தெருக்களிலேயே அளந்து 2013-ல் எழுதியிருக்கிறார்கள்: மரமுள்ள தெருவில் மத்தியானக் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைவு, தார் ரோட்டின் மேற்பரப்பு 27.5 டிகிரி வரை குறைவு. எந்த ஏசி கம்பெனி தெருவையே குளிர வைக்கும்? ஏசி வீட்டுச் சூட்டை எடுத்துத் தெருவில்தான் கொட்டுகிறது. ரோட்டை அகலப்படுத்த வருஷா வருஷம் மரம் வெட்டுகிற ஊரில் இந்த எண்களை ஒவ்வொரு தெருமுனையிலும் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

2024 ஏப்ரல் கடைசியில் பெங்களூரில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டியது. அந்த வாரம் நான் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி ஒன்றை ஹாலிலும் ஒன்றை வெளியே நிழலிலும் தொங்கவிட்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு வெளியே 37 காட்டிய நாளில் ஹாலில் 29 தான். ஃபேன் மூன்றில் ஓடியது. அப்பா வழக்கம்போல் வெறும் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். "ஏம்மா, ஏசிக்குன்னு போட்ட பாயின்ட்டுல என் ரேடியோவ மாட்டிக்கட்டுமா?" என்றார். மாட்டிக்கொண்டார். எல்லா நாளும் இப்படி என்று சொல்ல முடியாது, மே முதல் வாரத்தில் ராத்திரியும் இறங்காமல் 24, 25-லேயே நின்ற நாலைந்து நாட்களில் சுவர் குளிரவே இல்லை, மறுநாள் சாயங்காலம் ஹாலில் 31. ராத்திரி குளிர்ச்சியை நம்பிக் கட்டிய வீடு, ராத்திரி குளிராவிட்டால் தடுமாறும். ஏரியை மூடி மரத்தை வெட்டிக்கொண்டே போனால் அந்த நாலைந்து நாள் நாற்பது நாளாகும், அப்போது புங்கையும் மண்சுவரும் மட்டும் என்ன செய்யும் என்ற பயம் எனக்கு உண்டு.

போன மாதம் மேஸ்திரியிடமிருந்து போன். ஊத்தங்கரையில் சொந்த வீட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாராம், பின்னால் கலவை மெஷின் சத்தம்.

"அக்கா, அந்த மாடிப்படி மேல வெச்சோமே ஓட்டை, என்ன சைஸ் வெச்சோம்?"

மேலே ஏறிப்போய் டேப் வைத்து அளந்தேன். நாலு பக்கமும் மூன்றடிக்கு ஒன்றரை அடி. வலை உள்பக்கம், கழற்றித் துடைக்கிற மாதிரி. சாரல் அடிக்காமல் மேலே இரண்டடி சன்ஷேட். ஊத்தங்கரை பெங்களூரைவிடச் சூடு, ராத்திரிக் குளிர்ச்சியும் குறைவு, ஆகையால் இன்னும் பெரிதாகவே வையுங்கள், மேற்குப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றேன். "சரிக்கா, சட்டி நூத்தி அம்பது சொல்லிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.